ஸ்டென்ட் வச்சவங்க சாப்பிடற மாத்திரை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுதா?

ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சு வீட்டுக்கு வந்தவங்களோட மாத்திரை டப்பாவைத் திறந்து பாத்தா பெரும்பாலும் ஒரே செட்தான் இருக்கும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், கொழுப்புக்கு ஒரு ஸ்டாடின், பிபிக்கு ஒண்ணு ரெண்டு, கூடவே காலைல வெறும் வயித்துல போடற கேஸ் மாத்திரை. நம்ம ஊர்ல ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், ரோசுவாஸ்டாடின் மூணையும் ஒரே கேப்சூல்ல அடைச்சே விக்கிறாங்க. க்ளோபிடோக்ரல் எல்லாருக்கும் 75 மில்லிகிராம், தினம் ஒண்ணு, அவ்வளவுதான் கணக்கு. ஆனா அந்த 75 மில்லிகிராம் உள்ள போனதுக்கப்புறம் ஒருத்தர் உடம்புல முழு வேலை செய்யும், இன்னொருத்தருக்கு அரைகுறையா செய்யும், வேற ஒருத்தருக்கு ரொம்பக் கம்மியா செய்யும், வெளிய இருந்து பாத்தா மூணு பேருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுல பெரிய பங்கு ரெண்டு விஷயத்துக்கு இருக்கு. ஒண்ணு அப்பா அம்மாகிட்ட இருந்து வந்த ஜீன், இன்னொண்ணு அந்த நேரத்துல உடம்புல ஓடிக்கிட்டு இருக்கற இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி. இந்த ரெண்டைப் பத்தியும் தனித்தனியா நிறைய பேர் எழுதறாங்க, ஆனா ரெண்டும் ஒரே லிவருக்குள்ளயும் ஒரே ரத்தக்குழாய்க்குள்ளயும் சந்திக்குதுங்கறதுதான் எனக்கு முக்கியமா படுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல க்ளோபிடோக்ரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம், இது புரிஞ்சா மத்தது தானா புரியும். மாத்திரைல இருக்கற பொருள் அப்படியே இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. குடல்ல உறிஞ்சி லிவருக்குப் போனதும் அதுல கிட்டத்தட்ட 85 சதவீதத்தை எஸ்டரேஸ்னு ஒரு வகை என்சைம் உடைச்சு செயலில்லாத பொருளா மாத்தி வெளிய அனுப்பிடும். மிச்சம் இருக்கற 15 சதவீதம்தான் நமக்கு ஆகும், அதுவும் நேரா ஆகாது, லிவர்ல இருக்கற சிப்னு ஒரு என்சைம் குடும்பம் ரெண்டு ஸ்டெப்பா அதை மாத்தணும், அந்தக் குடும்பத்துல இந்த வேலைல பெரிய பங்கு சிப்2சி19ங்கற ஒண்ணுக்கு. அப்படி மாறி வர்ற பொருள், ரத்தம் கட்டறதுக்கு உதவற பிளேட்லெட்ங்கற அணுவோட மேல்தோல்ல பி2ஒய்12னு ஒரு இடத்துல போய் ஒட்டிக்கும், ஒட்டினா திரும்ப விடாது, அந்த பிளேட்லெட் சாகற வரைக்கும், அதாவது ஒரு வாரம் பத்து நாள் வரைக்கும், அதால மத்த பிளேட்லெட்டோட சரியா கைகோர்க்க முடியாது. ஸ்டென்ட் கம்பி மேல ரத்தம் கட்டி திரும்ப அடைச்சுக்காம இருக்கறது இதனாலதான்.

இப்போ அந்த சிப்2சி19 என்சைமை செய்யறதுக்கான ஜீன் நம்ம எல்லார்கிட்டயும் ரெண்டு காப்பி இருக்கும், அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. இதுல ஸ்டார் 2னு ஒரு மாற்றம் உண்டு, ஸ்டார் 3னு இன்னொண்ணு, இது இருந்தா அந்தக் காப்பியில இருந்து வேலை செய்யற என்சைம் வராது. ஒரு காப்பி மட்டும் பழுதுன்னா மருந்து கொஞ்சமா மாறும், ரெண்டுமே பழுதுன்னா ரொம்பக் கொஞ்சம்தான் மாறும். நேர்மாறா ஸ்டார் 17னு ஒண்ணு இருக்கு, அது இருக்கறவங்களுக்கு என்சைம் அதிகமா வரும், அவங்களுக்கு மருந்து தூக்கலா வேலை செஞ்சு ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடுதல்.

2009 ஜனவரில வந்த ஒரு பெரிய ஆய்வுலதான் இது வெளிச்சத்துக்கு வந்துச்சு. பழுதான காப்பி ஒண்ணாவது இருந்த ஆரோக்கியமான ஆளுங்களுக்கு ரத்தத்துல செயல்படற மருந்தோட அளவு மூணுல ஒரு பங்கு கம்மியா இருந்துச்சு, ஹார்ட் அட்டாக் மாதிரி பிரச்சனையோட வந்து க்ளோபிடோக்ரல் எடுத்தவங்கள்ல அந்தக் காப்பி இருந்தவங்களுக்கு மாரடைப்பு, ஸ்ட்ரோக், இதயத்தால வர்ற சாவு மூணும் சேர்த்துப் பாத்தா ஆபத்து 53 சதவீதம் கூடுதலா இருந்துச்சு, ஸ்டென்ட்லயே ரத்தம் கட்டிக்கறது 0.8 சதவீதத்துக்கு பதிலா 2.6 சதவீதம். கிட்டத்தட்ட மூணு மடங்கு. அடுத்த வருஷமே, 2010 மார்ச்ல, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்தோட லேபிள்ல கருப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை சேர்த்துச்சு, ரெண்டு காப்பியும் பழுதா இருக்கறவங்களுக்கு இது சரியா வேலை செய்யாம போகலாம், டெஸ்ட் இருக்கு, வேற மருந்து யோசிங்கன்னு. ஒரு மருந்துக்கு எஃப்டிஏ போடற எச்சரிக்கைலயே ரொம்ப கடுமையானது அதுதான்.

இந்தப் பழுது எந்த ஊர்க்காரங்களுக்கு எவ்வளவுங்கறதுலதான் நமக்கான சேதி இருக்கு. ஐரோப்பிய வம்சாவளில ரெண்டு காப்பியும் பழுதானவங்க நூத்துக்கு ரெண்டு மூணு பேர்தான். புதுச்சேரி ஜிப்மர்ல 2000-களோட ஆரம்பத்துல தமிழர்கள்கிட்ட பண்ணின ஆய்வுல ஸ்டார் 2 காப்பி கிட்டத்தட்ட 38 சதவீதம்னு வந்துச்சு. அப்படின்னா ரெண்டு காப்பியும் பழுதானவங்க ஏழு பேருக்கு ஒருத்தர்னு கணக்கு வருது, ஒரு காப்பியாவது பழுதானவங்க பாதிக்கு மேல. கிழக்கு லண்டன்ல இருக்கற வங்கதேச, பாகிஸ்தானிய வம்சாவளி மக்களை வச்சு ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்னு ஒரு பெரிய திட்டம் நடக்குது, 2023-ல அவங்க வெளியிட்டதுலயும் 57 சதவீதம் பேருக்கு ஒரு பழுதான காப்பியாவது இருந்துச்சு, மாரடைப்பு வந்து க்ளோபிடோக்ரல் எடுத்தவங்கள்ல ரெண்டு காப்பியும் பழுதானவங்களுக்கு மறுபடி மாரடைப்பு வர்றது சுமார் மூணு மடங்கு அதிகமா இருந்துச்சு. தெற்காசியர்களுக்கு இதயநோய் சின்ன வயசுலயே வருதுன்னு எல்லாரும் சொல்றோம், சாப்பாடு, சுகர், தொப்பைன்னு காரணம் அடுக்கறோம், அதெல்லாம் உண்மைதான், ஆனா நோய் வந்ததுக்கப்புறம் குடுக்கற மருந்தே நம்மள்ல பாதிப் பேருக்கு கம்மியா வேலை செய்யுதுங்கறதை யாரும் அவ்வளவா பேசறதில்ல, எனக்கு இது ரொம்ப உறுத்தற விஷயம்.

இதே விஷயம் ஹவாய்ல கோர்ட் வரைக்கும் போச்சு. ஹவாய்ல ஆசிய, பசிபிக் தீவு வம்சாவளி மக்கள் ரொம்ப அதிகம், அவங்கள்ல இந்த ஜீன் பழுது பரவலா இருக்கு. பிளாவிக்ஸ்ங்கற பேர்ல க்ளோபிடோக்ரலை வித்த பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப், சனோஃபி ரெண்டு கம்பெனி மேலயும் அந்த மாநில அரசே 2014-ல கேஸ் போட்டுச்சு, மருந்து சில மக்களுக்கு சரியா வேலை செய்யாதுங்கற ஆபத்தை 2010 வரைக்கும் லேபிள்ல சொல்லலங்கறது குற்றச்சாட்டு. 2021-ல கோர்ட் 83.4 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு, 2023-ல ஹவாய் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணி திரும்ப விசாரிக்கச் சொல்லுச்சு, 2024 மே மாசம் மறுவிசாரணை முடிஞ்சு 91.6 கோடி டாலர்னு இன்னும் பெருசா வந்துச்சு. கம்பெனிங்க இதை ஒத்துக்கல, அப்பீல் போறோம்னாங்க, மருந்து எல்லா இனத்தவருக்கும் பாதுகாப்பானது, பலன் தர்றதுங்கறது அவங்க வாதம். சட்டப்படி எது சரிங்கறதை விடுங்க, ஒரு மருந்து எந்த மக்கள்கிட்ட சோதிக்கப்பட்டுச்சு, எந்த மக்களுக்கு விக்கப்படுதுங்கற கேள்வி கோர்ட்ல நின்னதே பெரிய விஷயம்.

அப்போ எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்துடலாமேன்னு கேக்கலாம். எடுக்கலாம்தான், ஆனா ஆதாரம் அவ்வளவு நேர்கோடா இல்ல. 2020-ல டெய்லர் பிசிஐன்னு ஒரு டிரையல், 5,302 பேர், டெஸ்ட் பண்ணி பழுதான ஜீன் இருக்கறவங்களுக்கு க்ளோபிடோக்ரலுக்கு பதிலா டிகாக்ரலார்னு ஒரு மாத்து மருந்தைக் குடுத்தாங்க, பாதிப்பு 34 சதவீதம் குறைஞ்சுது, ஆனா புள்ளியியல் கணக்குல நூலிழைல தவறிப்போச்சு, அதனால தோல்வின்னு எழுதப்பட்டுச்சு. சைனாவுல 2021-ல சான்ஸ் 2, இதுல 6,412 பேர், எல்லாருமே சின்ன ஸ்ட்ரோக்கோ, வந்து தானா சரியாகற மினி ஸ்ட்ரோக்கோ வந்தவங்க, எல்லாருக்குமே ஜீன் பழுது உண்டு, அவங்கள்ல க்ளோபிடோக்ரல் எடுத்தவங்களுக்கு மறுபடி ஸ்ட்ரோக் 7.6 சதவீதம், டிகாக்ரலார் எடுத்தவங்களுக்கு 6.0 சதவீதம். இது தெளிவான வித்தியாசம். எந்த சிகிச்சை, டெஸ்ட் குடுக்கலாம்னு வழிகாட்டற இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு 2024 ஜூலைல, ஸ்ட்ரோக் இல்லன்னா மினி ஸ்ட்ரோக் வந்து க்ளோபிடோக்ரல் குடுக்கப் போறவங்களுக்கு இந்த டெஸ்டைப் பண்ணச் சொல்லி பரிந்துரை குடுத்துடுச்சு. மாத்து மருந்துக்கும் விலை உண்டுங்கறதை மறக்கக் கூடாது, டிகாக்ரலார் தினம் ரெண்டு வேளை போடணும், சில பேருக்கு மூச்சு வாங்கற மாதிரி இருக்கும், ரத்தக்கசிவு கொஞ்சம் கூடும், பிரசுக்ரல்னு இன்னொரு மாத்து மருந்து ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு ஆகாது. அதனாலதான் யாருக்கு எது வேணும்னு பாத்துக் குடுக்கறது நல்லதுங்கறேன், எல்லாருக்கும் ஒசந்த மருந்துன்னு போறதும் தப்பு.

இது வரைக்கும் சொன்னது ஜீன் பக்கம். ஜீன் ரிப்போர்ட் பொறந்ததுல இருந்து சாகற வரைக்கும் மாறாது, ஒரு தடவை எடுத்தா போதும். ஆனா அந்த ஜீன் சொல்ற அளவு என்சைம் எல்லா நாளும் லிவர்ல இருக்குமான்னா, இருக்காது. இங்கதான் இன்ஃப்ளமேஷன் வருது, அதைச் சொல்றதுக்கு முன்னாடி ரத்தக்குழாய்க்குள்ள அது என்ன பண்ணுதுன்னு பாக்கணும்.

ரொம்ப நாள் வரைக்கும் அடைப்புன்னா குழாய்ல கொழுப்பு படியறதுன்னுதான் நினைச்சோம், சமையல் சிங்க் பைப்ல எண்ணெய்ப் பிசுக்கு சேர்ற மாதிரி. ஆனா அப்படி இல்ல. எல்டிஎல்னு சொல்ற கெட்ட கொழுப்பு குழாயோட உள் சுவர் வழியா சுவருக்குள்ள போய் மாட்டிக்குது, அதைத் தின்னு சுத்தம் பண்ண வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை உள்ள வருது, தின்னு தின்னு வயிறு ஊதி நுரை மாதிரி ஆகி அங்கயே செத்து விழுது, அதைப் பாத்து இன்னும் அணுக்கள் வருது, ஒரு காயம் ஆறாம சீழ் பிடிச்சு இருக்கற நிலைமை அது. கொழுப்பு கூர்கூரா படிகமா ஆனதும் அந்த அணுக்களுக்குள்ள என்எல்ஆர்பி3ன்னு ஒரு அலாரம் அடிக்குதுன்னு 2010-ல கண்டுபிடிச்சாங்க, அலாரம் அடிச்சா ஐஎல்-1 பீட்டான்னு ஒரு சிக்னல் வெளிய வரும், அது ஐஎல்-6ஐக் கூப்பிடும், ஐஎல்-6 லிவருக்குப் போய் சிஆர்பிங்கற புரதத்தை உற்பத்தி பண்ணச் சொல்லும். லேப்ல நாம எடுக்கற ஹெச்எஸ்-சிஆர்பி டெஸ்ட் இந்தச் சங்கிலியோட கடைசிக் கண்ணிதான். 1க்குக் கீழ இருந்தா நல்லது, 3க்கு மேல போனா இதயத்துக்கு ஆபத்து அதிகம்னு எடுத்துக்கறாங்க, சளி காய்ச்சல் இருக்கறப்போ எடுத்தா எகிறித்தான் இருக்கும், அதை வச்சு பயப்படக் கூடாது. இந்த அடைப்புக்கு மேல மூடி மாதிரி ஒரு நார்த்தோல் இருக்கும், இன்ஃப்ளமேஷன் அதை அரிச்சு மெல்லிசாக்கிடும், அது கிழிஞ்சா உள்ள இருக்கறது ரத்தத்துல படும், பட்டதும் பிளேட்லெட் ஓடி வந்து கட்டி பிடிக்கும். நிறைய மாரடைப்பு அந்த நிமிஷத்துலதான் நடக்குது. முப்பது நாப்பது சதவீத அடைப்பு மட்டும் இருந்தவங்களுக்கும் திடீர்னு அட்டாக் வர்றது இப்படித்தான்.

இன்ஃப்ளமேஷன் கூட இருந்து வேடிக்கை பாக்கறதா இல்ல அதுதான் காரணமாங்கற சந்தேகம் ரொம்ப காலம் இருந்துச்சு. 2017-ல கான்டோஸ் டிரையல் அதுக்கு விடை சொல்லுச்சு. ஏற்கனவே மாரடைப்பு வந்து, சிஆர்பி 2க்கு மேல இருந்த 10,061 பேர், ஐஎல்-1 பீட்டாவை மட்டும் தடுக்கற கனாகினுமாப்னு ஒரு ஊசி, மூணு மாசத்துக்கு ஒண்ணு. கொழுப்பு ஒரு துளி குறையல, ஆனா 150 மில்லிகிராம் போட்டவங்களுக்கு மாரடைப்பு, ஸ்ட்ரோக், இதயச் சாவு 15 சதவீதம் குறைஞ்சுது. கொழுப்பைத் தொடாம, இன்ஃப்ளமேஷனை மட்டும் குறைச்சே அட்டாக்கைக் குறைக்க முடியும்னு முதல் தடவையா நிரூபிச்சது அது. ஆனா உயிருக்கே ஆபத்தான தொற்று கொஞ்சம் கூடுச்சு, விலையும் எட்டாத உயரம், இதயத்துக்குன்னு அனுமதி கிடைக்கல. அதே ஆளுங்க மெத்தோட்ரெக்சேட்டை வச்சுப் பண்ணின இன்னொரு டிரையல் பலிக்கல, அந்த மருந்து ஐஎல்-1, ஐஎல்-6, சிஆர்பி எதையுமே குறைக்கல. அப்போ ஏதோ ஒரு இன்ஃப்ளமேஷனைக் குறைச்சா போதாது, குறிப்பா அந்த ஒரு சங்கிலியை அறுக்கணும்னு ஆச்சு.

அந்த இடத்துல ஒரு பழைய மருந்து வந்து நின்னுது, கோல்ச்சிசின், காலங்காலமா கவுட் வலிக்குக் குடுக்கறது. இது எடுக்கற செடிகள்ல ஒண்ணு நம்ம செங்காந்தள், மாநிலப் பூ, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு பந்தல் கம்பில ஏத்தி வளத்து விதையை மருந்துக் கம்பெனிக்கு விக்கிறாங்களே அதேதான். 2019-ல கோல்காட் டிரையல்ல மாரடைப்பு வந்த 4,745 பேருக்கு தினம் அரை மில்லிகிராம் குடுத்ததுல பாதிப்பு 23 சதவீதம் குறைஞ்சுது, அடுத்த வருஷம் லோடோகோ 2ல 5,522 பேர்ல 31 சதவீதம் குறைஞ்சுது, 2023 ஜூன்ல எஃப்டிஏ இதயத்துக்குன்னே அனுமதி குடுத்துச்சு. 2024-ல வந்த இன்னும் பெரிய டிரையல்ல மாரடைப்பு வந்த உடனே குடுத்துப் பாத்தப்போ பலன் தெரியல, அதனால இப்போ டாக்டர்களுக்குள்ளயே ரெண்டு அபிப்பிராயம் இருக்கு. ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடறேன், அந்தச் செடியோட கிழங்கும் விதையும் கொடிய விஷம், மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி ரொம்பக் கம்மி, யாரும் வீட்டு வைத்தியம்னு தொடக்கூடாது. மாத்திரையா எடுக்கறவங்களும் க்ளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் கூட சேர்த்து எடுத்தா உடம்புல கோல்ச்சிசின் ஏறி ஆபத்தாகும்.

இன்ஃப்ளமேஷனே யாருக்கு எவ்வளவுங்கறதுலயும் ஜீன் இருக்கு. ஐஎல்-6 வந்து உக்கார்ற ரிசப்டரோட ஜீன்ல ஒரு சின்ன மாற்றம் நிறைய பேருக்குப் பொறக்கும்போதே இருக்கும், அது இருந்தா அந்த சிக்னல் கொஞ்சம் மந்தமாகும். ரெண்டு லட்சத்துக்கும் மேல ஆளுங்களை வச்சு 2012-ல பாத்தப்போ, அந்த மாற்றம் ஒவ்வொரு காப்பிக்கும் இதயநோய் 3.4 சதவீதம் கம்மியா இருந்துச்சு. சின்ன எண்ணுதான், ஆனா வாழ்நாள் பூரா சிக்னல் மந்தமா இருந்தா இதயத்துக்கு நல்லதுன்னு இயற்கையே பண்ணிக் காட்டின டிரையல் அது. அதே முறையில சிஆர்பியோட ஜீனைப் பாத்தா ஒண்ணும் தெரியல, அதாவது சிஆர்பி புகை மட்டும்தான், நெருப்பு மேல ஐஎல்-6ல இருக்கு.

இன்னொரு வகை ஜீன் மாற்றம் பொறப்புல வர்றது இல்ல, வயசாக ஆக வர்றது. எலும்பு மஜ்ஜைல ரத்த அணுக்களை உற்பத்தி பண்ற மூல செல் ஒண்ணுல டெட்2, டிஎன்எம்டி3ஏ மாதிரி ஜீன்ல தப்பு விழுந்து, அந்த ஒரு செல்லோட வாரிசுகளே ரத்தத்துல பெருகிடும், கேன்சர் இல்ல, ஆளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. 70 வயசு தாண்டினவங்கள்ல பத்துல ஒருத்தருக்காவது இது இருக்கு. 2017-ல வந்த ஆய்வுல இவங்களுக்கு இதயநோய் ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு தெரிஞ்சுது, ஏன்னா இந்த செல்லுல இருந்து வர்ற வெள்ளை அணுக்கள் ஐஎல்-1 பீட்டாவை அளவுக்கு மீறி கக்குது. சிகரெட் இல்ல, சுகர் இல்ல, கொழுப்பு நார்மல், ஆனாலும் அட்டாக்னு ஒரு பெரியவரைப் பத்திக் கேள்விப்படறோமே, அதுல சிலருக்காவது பதில் இங்க இருக்கலாம்.

சரி, இப்போ லிவருக்குத் திரும்ப வருவோம். ஐஎல்-6 லிவருக்கு வந்து சிஆர்பி பண்ணுன்னு சொல்றப்போ, லிவர் அவசரகால வேலைல இறங்கிடும், வழக்கமா செய்யற சிப் என்சைம்களோட உற்பத்தியைக் குறைச்சுடும். இது நேரடியா மருந்தோட அளவை மாத்தும். 1980-ல அமெரிக்காவுல சியாட்டில் இருக்கற கிங் கவுன்டில இன்ஃப்ளுயன்சா பி பரவினப்போ, ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் வழக்கமான அளவுல சாப்பிட்டுக்கிட்டு இருந்த குழந்தைங்களுக்கு திடீர்னு மருந்து விஷமாச்சு, டோஸ் மாறல, காய்ச்சல்ல லிவர் அதை உடைக்கற வேகம்தான் மாறுச்சு. இன்னும் தெளிவான சாட்சி டோசிலிசுமாப், முடக்குவாதத்துக்குப் போடற ஐஎல்-6 தடுக்கற ஊசி. முடக்குவாதக்காரங்களுக்கு இந்த ஊசி ஒண்ணு போட்டு ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா, அவங்க சாப்பிடற சிம்வாஸ்டாடினோட அளவு ரத்தத்துல 57 சதவீதம், ஒமெப்ரசோலோட அளவு 28 சதவீதம் குறைஞ்சுது. அதாவது நோய் இருந்த வரைக்கும் லிவர் மந்தமா இருந்துச்சு, இன்ஃப்ளமேஷன் அடங்கினதும் என்சைம் திரும்ப வந்து மருந்தை வேகமா உடைக்க ஆரம்பிச்சுடுச்சு. அந்த ஒமெப்ரசோலை உடைக்கறதுல முக்கிய என்சைம் எதுன்னா, நம்ம க்ளோபிடோக்ரலோட அதே சிப்2சி19.

இப்போ கணக்கை சேர்த்துப் பாருங்க. பெரும்பாலான மருந்து சாப்பிடும்போதே செயல்படற நிலைல இருக்கும், லிவர் மந்தமானா அது உடம்புல ஏறும். க்ளோபிடோக்ரல் அப்படி இல்ல, லிவர் வேலை செஞ்சாத்தான் அது மருந்தே ஆகும், லிவர் மந்தமானா அது இறங்கும். ஆக ஜீன் ரிப்போர்ட்ல நார்மல்னு வந்த ஒருத்தர் கூட, கடுமையான நிமோனியாவுல படுத்திருக்கறப்போ, இல்ல மாரடைப்பு வந்த அந்த முதல் நாட்கள்ல, பழுதான ஜீன்காரர் மாதிரி நடந்துக்கலாம். அதே நேரத்துல இன்ஃப்ளமேஷன் மஜ்ஜையைத் தூண்டி புதுசு புதுசா பிளேட்லெட்டை இறக்கும், காலைல போட்ட மாத்திரையோட செயல்படற பொருள் ரத்தத்துல கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதுக்கப்புறம் பொறந்த இளம் பிளேட்லெட் எல்லாம் தடையில்லாம சுத்தும், அதுங்க இயல்பாவே கொஞ்சம் துடிப்பா கட்டி பிடிக்கறதுங்க. ரத்தக்குழாய் மூடி கிழியற வாய்ப்பும் அப்போதான் அதிகம். கனடாவுல ஒன்டாரியோ மாநிலத்துல 2018-ல வந்த ஆய்வுல, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாள்ல மாரடைப்பு வர்றது மத்த நாட்களை விட ஆறு மடங்கு அதிகமா இருந்துச்சு. மருந்து கம்மியா வேலை செய்யற நேரமும், மருந்து ரொம்பத் தேவைப்படற நேரமும் ஒண்ணா வருது. ஏற்கனவே ஒரு காப்பி பழுதானவங்களுக்கு இந்த வாரம் இன்னும் இக்கட்டு, நம்ம மக்கள்ல பாதிப் பேர் அந்தக் கூட்டத்துல இருக்கோம்.

ஸ்டாடின் பத்தியும் ரெண்டு வார்த்தை. இது கொழுப்பை மட்டும் இல்ல, இன்ஃப்ளமேஷனையும் குறைக்குது, 2008-ல ஜூப்பிட்டர் டிரையல்ல எல்டிஎல் 130க்குக் கீழ இருந்து சிஆர்பி மட்டும் கூடுதலா இருந்த 17,802 பேர்ல ரோசுவாஸ்டாடின் எடுத்தவங்களுக்கு பாதிப்பு 44 சதவீதம் கம்மியாச்சு. ஆனா இதுலயும் ஆளுக்கு ஆள் மாறும். சிங்கப்பூர்ல ஒரே அளவு ரோசுவாஸ்டாடினைக் குடுத்துப் பாத்ததுல, வெள்ளைக்காரங்களை விட அங்க இருக்கற இந்திய வம்சாவளி ஆளுங்களுக்கு ரத்தத்துல 1.6 மடங்கும், சீனர்களுக்கு 2.3 மடங்கும் ஏறுச்சு. அதனாலதான் ஆசியர்களுக்கு 5 மில்லிகிராம்ல ஆரம்பிக்கச் சொல்லி அமெரிக்க லேபிள்ல இருக்கு. தசைவலிக்கும் ஒரு ஜீன் உண்டு, எஸ்எல்சிஓ1பி1, ஸ்டாடினை ரத்தத்துல இருந்து லிவருக்குள்ள இழுக்கற கதவு அது, அந்த ஜீனோட ரெண்டு காப்பியும் மாறினவங்க சிம்வாஸ்டாடின் 80 மில்லிகிராம் எடுத்தப்போ தசை பாதிப்பு சுமார் 17 மடங்கு அதிகம்னு 2008-ல தெரிஞ்சுது. ஸ்டாடின் போட்டா உடம்பு வலிக்குதுன்னு சொல்றவங்களை மனப்பிராந்தின்னு ஒதுக்காம, டோஸ் குறைச்சோ வேற ஸ்டாடினோ குடுத்துப் பாக்கறதுக்கு இது ஒரு நல்ல காரணம்.

நடைமுறைக்கு வந்தா, இதைப் படிச்சுட்டு யாரும் க்ளோபிடோக்ரலை நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் வச்ச முதல் மாசங்கள்ல நிறுத்தறதுதான் ஸ்டென்ட் அடைக்கறதுக்கு பெரிய காரணங்கள்ல ஒண்ணு, கம்மியா வேலை செய்யற மருந்து கூட மருந்தே இல்லாததை விட மேல். கேக்க வேண்டியதை டாக்டர்கிட்ட கேளுங்க. மாத்திரையை ஒழுங்கா போட்டும் மறுபடி அடைச்சவங்க, இல்ல ஸ்ட்ரோக் வந்து இப்போதான் க்ளோபிடோக்ரல் ஆரம்பிக்கறவங்க, சிப்2சி19 டெஸ்ட் எங்களுக்கு வேணுமா டாக்டர்னு கேக்கலாம், பெரிய லேப்ல ரத்தத்துல இல்ல எச்சில்ல பாக்கறாங்க, ஒரு தடவை எடுத்தா ஆயுசுக்கும் அந்த ரிப்போர்ட் செல்லும், பத்திரமா ஃபைல்ல வைங்க.

கேஸ் மாத்திரை எதுன்னு அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் ரெண்டும் சிப்2சி19ஐத் தடுக்கும், க்ளோபிடோக்ரல் கூட இதை சேர்க்காதீங்கன்னு எஃப்டிஏ 2009-லயே சொல்லிடுச்சு, பான்டோபிரசோல் அந்த அளவுக்குத் தடுக்காது. ஆனா வயித்துல ரத்தக்கசிவு வராம இருக்க நிறைய பேருக்கு ஏதாவது ஒரு கேஸ் மாத்திரை அவசியம் வேணும், அதனால நிறுத்தறது இல்ல, எதுன்னு டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கறதுதான் சரி. அதே மாதிரி மூட்டுவலிக்கும் சிக்குன்குனியா வலிக்கும் மெடிக்கல் ஷாப்ல போய் கேட்டு வாங்கற ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போய் உக்கார வேண்டிய இடத்துல முன்னாடியே உக்காந்துக்கும், ஆஸ்பிரினுக்கு வழி விடாது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். ஸ்டென்ட் இருக்குன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்குங்க.

ஃப்ளூ தடுப்பூசி வருஷா வருஷம் போடறது இதய நோயாளிங்களுக்கு இதய மருந்து மாதிரியேதான், நம்ம ஊர்ல இதை டாக்டர் எழுதறதும் கம்மி, கேக்கறவங்களும் கம்மி. முடக்குவாதம், சொரியாசிஸ் மாதிரி நாள்பட்ட இன்ஃப்ளமேஷன் இருக்கறவங்க, இதயத்துக்குப் பாக்கற டாக்டருக்கு மூட்டுக்குப் போடற ஊசி பேரையும், மூட்டு டாக்டருக்கு இதய மாத்திரை பேரையும் எழுதிக் காட்டுங்க, புது ஊசி ஆரம்பிச்ச அடுத்த சில வாரங்கள்ல ஸ்டாடினோ ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையோ முன்ன மாதிரி வேலை செய்யாம போகலாம், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்கறவங்கன்னா அந்த வாரங்கள்ல, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்டை வழக்கத்தை விட சீக்கிரமா எடுத்துப் பாக்கச் சொல்லுவாங்க.